பக்கத்து வீட்டுப் பிள்ளை உங்கள் ஜன்னலை உடைத்தால்...

ராஜபாளையத்தில் மாங்காய் பழுக்கிற காலமும், பள்ளிக்கூடங்களுக்கு முழுப் பரீட்சை லீவு விடுகிற காலமும் ஒன்றுதான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, வாசலில் சப்பட்டை மாமரம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மரத்துக்கு எறிகிற கல்லில் பாதி மாங்காயில் படுவதில்லை. ஓட்டில் படும், ஜன்னலில் படும், மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் படும்!

பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரிகிற சந்துகளிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. பிள்ளைகளுக்குத் தெருதான் மைதானம். பந்து எந்தப் பக்கம் போனாலும் அது யாரோ ஒருவர் வீடுதான்.

பந்து பட்டு டியூப் லைட் போகிறது. நிறுத்தி வைத்த காரில் ஆணியால் கோடு விழுகிறது. ஸ்கூட்டர் சீட் கிழிகிறது. ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டி உருள்கிறது. நமக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. பிள்ளையைப் பெற்றவர்களிடம் போனால், "சின்னப் பிள்ளைதானே, தெரியாமப் பண்ணிட்டான். இதுக்குப் போயா..." என்று பதில் வருகிறது. அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை. உடைந்த கண்ணாடியை மறுநாளே மாற்றிவிடலாம். உடைந்த உறவை?

சொத்தையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், உடம்பையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பிள்ளையும் திருந்த வேண்டும். இந்த மூன்றும் நடக்க என்ன செய்யலாம்?

கோப்பைக் கதை

ஸ்விட்சர்லாந்து உளவியல் அறிஞர் ஜான் பியாஜே, 1932-ல் வெளியான தன் புத்தகத்தில் குழந்தைகளின் நியாய உணர்வை ஆராய்ந்தார். பிள்ளைகளிடம் அவர் இரண்டு கதைகளைச் சொன்னார். ஒரு பையனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் கதவைத் திறக்க, பின்னால் வைத்திருந்த 15 கோப்பைகள் உடைந்துவிட்டன. இன்னொரு பையன், அம்மா வெளியே போன நேரம் பார்த்து அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க ஏறினான். ஒரு கோப்பை உடைந்தது. யார் செய்தது பெரிய தப்பு?

சிறு குழந்தைகளில் பலர், "15 உடைச்சவன்தான்" என்றார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோ, "தெரியாமத்தானே உடைஞ்சது. அனுமதியில்லாம எடுக்கப் போனவன்தான் தப்பு" என்றார்கள்.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கோபம் வந்தால் நாமும் சின்னக் குழந்தை மாதிரிதான் கணக்குப் போடுகிறோம். எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கிறோம். எப்படி உடைந்தது என்று பார்ப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

கை தவறியது: பந்து எகிறி வந்து விழுந்தது. பிள்ளை பயந்துபோய் நிற்கிறது.

கவனக்குறைவு: "இங்கே விளையாடாதே" என்று முன்பே சொல்லியிருந்தும் அதே இடத்தில் விளையாடியிருக்கிறார்கள்.

வேண்டுமென்றே: ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கல் எறிவது, டயரில் காற்றைப் பிடுங்குவது, செடியை வேரோடு பறிப்பது.

முதலாவதற்குப் பேச்சுப் போதும். இரண்டாவதற்குப் பேச்சோடு பொறுப்பும் வேண்டும். மூன்றாவதற்கு, அந்தப் பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

ஏன் செய்கிறார்கள்?

மூளையின் முன்பகுதிதான், "இரு, யோசி, அப்புறம் செய்" என்று நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. அது முழு வளர்ச்சி அடைய இருபது வயதுக்கு மேலும் ஆகிறது. அதனால் பத்து வயதுப் பையனுக்குக் கல்லை எடுக்கும்போது மாங்காய்தான் தெரியும். பின்னால் இருக்கிற கண்ணாடி தெரியாது.

ஊர் நிலைமையும் ஒரு காரணம். ராஜபாளையமும் சுற்று வட்டாரமும் நூற்பாலைகளுக்குப் பேர் போனவை. மில்லில் ஷிப்ட் முறை. அப்பா இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார். "சத்தம் போடாம வெளிய போய் விளையாடு" என்று பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புகிறார்கள். மதியம் முழுக்கக் கேட்க ஆள் இல்லை. இன்னொரு பக்கம், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் வீட்டுச் சுவரில் பந்து ‘டம் டம்' என்று அடித்தால், அவருக்குக் கோபம் வருவதும் நியாயம்தானே?

முதல் பத்து நிமிடம்

‘டமார்' என்று சத்தம் கேட்டதும் நாம் துரத்திக்கொண்டு ஓடுகிறோம். முதலில் செய்ய வேண்டியது அதுவல்ல.

1. யாருக்காவது அடிபட்டிருக்கிறதா பாருங்கள், அந்தப் பிள்ளை உட்பட. கண்ணாடி கிழித்து ரத்தம் வந்தால், சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஆழமாகக் குத்தி நிற்கிற துண்டைப் பிடுங்க வேண்டாம். கண்ணில் தூள் பட்டிருந்தால் தேய்க்கவே கூடாது. கண்ணை அழுத்தாமல் மூடியபடி உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

2. உடைந்ததைப் பெருக்குவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பிற்பாடு பேசும்போது உதவும்.

3. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உட்காருங்கள். இது வேடிக்கைக்குச் சொல்வது இல்லை. கடும் கோபத்தில் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கோபம் வெடித்த பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சண்டைக்கு அவர்களை முன்னால் நிறுத்தாதீர்கள். ஒரு ஜன்னல் கண்ணாடிக்கு அவ்வளவு விலை வேண்டாம்.

கோபம் எதுவரை போகும்?

2011 ஜூலை. சென்னையில் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பக்கத்தில் இருந்த குடிசைப் பகுதியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன், வாதாங்கொட்டை பறிக்கச் சுவர் ஏறி உள்ளே போனான். அங்கு குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி சுட்டதில் உயிரிழந்தான். 2012-ல் சென்னை நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கை வாதாங்கொட்டைக்காக இரண்டு குடும்பங்கள் அழிந்தன.

நம் வீட்டில் துப்பாக்கி இல்லை என்று சொல்லலாம். ஆனால் மதில் மேல் மின்சாரம் பாய்ச்சிய கம்பி, பிள்ளையை ஓங்கி ஓர் அறை, கட்டிப்போட்டுப் பெற்றோரை வரவழைப்பது, நாயை அவிழ்த்துவிடுவது... இதெல்லாம் நடக்கிறதா இல்லையா? சொத்தைக் காக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கு செய்யவும் அனுமதி இல்லை. அடித்தால் காயம் விளைவித்த குற்றம். அடைத்து வைத்தால் அதற்குத் தனிக் குற்றம். பிள்ளை உடைத்தது சின்ன விஷயமாகி, நீங்கள் செய்தது பெரிய வழக்காகிவிடும்.

இன்னொன்று. சண்டையில் வாய் தவறியும் சாதியை இழுக்காதீர்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நாலு பேர் பார்க்கும் இடத்தில் சாதி சொல்லித் திட்டினால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். சட்டம் இருக்கட்டும், பிள்ளை உடைத்த ஜன்னலுக்கும் அவன் சாதிக்கும் என்ன சம்பந்தம்?

நாய் இருக்கிற வீடு

ராஜபாளையம் என்றாலே அந்த வெள்ளை நாய்தான் ஞாபகம் வரும். காவலுக்குக் கெட்டிக்காரன். வளர்த்தவரிடம் பாசமாகவும், புது ஆளிடம் முரட்டுத்தனமாகவும் இருக்கும். கேட் இடுக்கில் குச்சியை விட்டுச் சீண்டுகிற பிள்ளைகளால் இங்கே ஆபத்து இரட்டிப்பு. நாயை வைத்திருப்பவர்தான் அதைக் கட்டுப்படுத்தப் பொறுப்பு. பிள்ளைகள் நடமாடும் நேரத்தில் அவிழ்த்து விடாதீர்கள். கேட்டின் கீழ்ப்பகுதியைத் தகடு வைத்து மறையுங்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

கடித்துவிட்டால்? யார் மேல் தப்பு என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். டாக்டர் சொல்கிற தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

எப்படிப் பேசுவது?

எல்லாமே சொல்கிற விதத்தில்தான் இருக்கிறது. மூன்று விதிகள்:

உடனே போகாதீர்கள், ஆனால் நாள் கடத்தவும் செய்யாதீர்கள். அன்று மாலை அல்லது மறுநாள் காலை சரியான நேரம்.

தெருவில் நின்று பேசாதீர்கள். நாலு பேர் பார்த்தால் பெற்றவர்களுக்கு மானப் பிரச்னை ஆகிவிடும். அப்புறம் பிள்ளை செய்தது தப்பென்று தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "உங்க பிள்ளை ரவுடி" என்பது தீர்ப்பு. "நேத்து நாலு மணிக்குப் பந்து வந்து கண்ணாடியில பட்டுச்சு" என்பது தகவல். தகவலுக்குத்தான் பதில் கிடைக்கும்.

இப்படி ஆரம்பிக்கலாம்:

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள வரலாமா? சண்டைக்கு வரலை. நேத்து சாயங்காலம் தம்பி விளையாடுறப்ப பந்து வந்து எங்க ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருச்சு. அவனுக்கு அடி கிடி படலையே? அதைத்தான் முதல்ல பார்க்க வந்தேன். கண்ணாடி மாத்தணும். எப்படிச் செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். தீர்வைச் சொல்லும் வாய்ப்பை அவர்களிடமே விட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர், "ஐயோ, நாங்க மாத்தித் தர்றோம்" என்றுதான் சொல்வார்கள்.

"எங்க புள்ள செய்யலை" என்று சாதித்தால்? "சரிங்க அண்ணாச்சி, நீங்க அவன்கிட்ட ஒரு தடவை பொறுமையா கேட்டுப் பாருங்க. நான் நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குள் தனியாகக் கேட்டால் பிள்ளை பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

பிள்ளையிடமே பேசும்போது குரலை உயர்த்தாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "யார் செஞ்சது?" என்று விசாரணை வைத்தால் பொய்தான் வரும். "உடைஞ்சிருச்சுல்ல, இப்ப இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். வீடியோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவமானப்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் காயம் பிள்ளையின் மனதில் வெகுநாள் ஆறாது.

நஷ்டத்தை யார் தருவது?

முழுப் பணத்தையும் அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றும் உறைக்காது. ஒன்றுமே தராவிட்டால் நமக்கு ஆறாது. நடுவில் ஒரு வழி உண்டு. பணத்தைப் பெற்றோர் தரட்டும். பிள்ளையும் தன் உண்டியலிலிருந்து ஒரு சின்னத் தொகை போடட்டும். அல்லது கையால் ஏதாவது செய்யட்டும். சிதறிய மண்ணை அள்ளித் தொட்டியில் போடுவது, புதுச் செடிக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுவது, சுவரில் பட்ட கறையைத் துடைப்பது... பெற்றோர் சம்மதத்தோடு, ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். கண்ணாடி பொறுக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிய செடியை மறுபடி பிடுங்க எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது!

கொடுக்க முடியாத ஏழைக் குடும்பம் என்றால், தவணையில் வாங்குங்கள், அல்லது விட்டுக்கொடுங்கள். ஆனால், "பணம் வேண்டாம், இனி இங்கே விளையாடக் கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கோங்க" என்று வாயால் சொல்லிவிட்டு விட்டுக்கொடுங்கள். சொல்லாமல் விட்டுக்கொடுத்தால் மனசுக்குள் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை எது செய்தாலும் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள், செய்ததன் விளைவு புரியாத பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது. பன்னிரண்டுக்கு மேல் 18 வரை இளைஞர் நீதிச் சட்டம் 2015 பொருந்தும். சின்னச் சேதங்களுக்கு அவர்கள் மேல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. லாக்கப்பில் வைக்கவும் கூடாது.

"அப்போ பெற்றவங்க மேல கேஸ் போடலாமா?" என்று கேட்பீர்கள். பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்த நஷ்டத்துக்கு அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். அவர்கள் பக்கம் கவனக்குறைவு இருந்தது என்று காட்ட வேண்டும். தெரிந்தே பிள்ளை கையில் ஆபத்தான பொருளைக் கொடுத்திருந்தால், அல்லது பலமுறை சொல்லியும் கண்டுகொள்ளாமல் இருந்திருந்தால் நிலைமை வேறு. ஆனால் ஒரு ஜன்னலுக்காகச் சிவில் கேஸ் நடத்தினால் வக்கீல் செலவுக்கே பத்து ஜன்னல் மாட்டிவிடலாம்.

நஷ்டம் பெரிது, பேச்சும் தோற்றுவிட்டது என்றால், மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். கேஸ் போடுவதற்கு முன்பே மனுக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பும் சம்மதித்தால் எழுதித் தருவார்கள். அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல் அப்பீலும் இல்லை. இலவசச் சட்ட ஆலோசனைக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இங்கிலாந்தில் லின்ட்ஸ் என்ற கிராமத்தில், எழுபது வருஷமாகக் கிரிக்கெட் ஆடிய மைதானத்தின் ஓரத்தில் புது வீடுகள் வந்தன. பந்து தோட்டத்தில் விழுகிறது என்று ஒரு குடும்பம் வழக்குப் போட்டது. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிளப் மேல் தவறு இருப்பதாகப் பெரும்பான்மையாகச் சொன்னது. நஷ்ட ஈடும் தரச் சொன்னது. ஆனால் ஆட்டத்துக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு நஷ்ட ஈடு, ஆடுகிறவர்களுக்கு ஆட்டம். நம் தெருவிலும் இப்படித்தானே முடிய வேண்டும்?

வருமுன் காப்போம்

* மாமரம் இருந்தால், கல்லுக்கு முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். வாரம் ஒருநாள் வலைப்பை கட்டிய தொரட்டியால் பறித்து, தெருப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கொடுங்கள். "கேட்டா தருவேன், கல் எறிஞ்சா தரமாட்டேன்" என்பது அவர்களுக்கு நன்றாகப் புரியும்.
* ஜன்னலுக்கும் சோலார் குழாய்களுக்கும் கம்பி வலை அடியுங்கள். ஒரு தடவை செலவு, பல வருஷ நிம்மதி.
* மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்காதீர்கள். ஏறுகிற பிள்ளை கையைக் கிழித்துக்கொள்ளும்.
* தெருவில் ரப்பர் பந்து அல்லது டென்னிஸ் பந்துதான் என்று பிள்ளைகளையே விதி போடச் சொல்லுங்கள். அவர்கள் போட்ட விதியை அவர்களே காப்பாற்றுவார்கள்.
* நேரம் பேசிக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருந்தால், மாலை நாலரைக்கு மேல் ஆட்டம்.
* லீவில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடும்படி நாலு பெற்றோர் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ஒரு வருஷமாகவே பொருள்களை வேண்டுமென்றே நாசம் செய்வது, பிராணிகளை வதைப்பது, தீ வைப்பது, திருடுவது, சின்னப் பிள்ளைகளை அடிப்பது... இவற்றில் பலவும் சேர்ந்து தெரிந்தால் அது வெறும் சேட்டை இல்லை. நடத்தைக் கோளாறாக இருக்கலாம். ஓர் இடத்தில் உட்காரவே முடியாத, யோசிக்காமல் பாய்கிற பிள்ளைக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம். வீட்டில் தினமும் குடியும் அடிதடியும் நடப்பதால்கூடப் பிள்ளை வெளியே கல் எறியலாம். அது உதவி கேட்கிற கல்!

பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். "பைத்தியம்" என்ற வார்த்தை வேண்டாம். "அவன் மனசுல என்னமோ கஷ்டம் இருக்கு, ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமே" என்றால் போதும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளை வீட்டில் அடி உதை படுகிறது என்று சந்தேகம் வந்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி - பதில்

*உடைத்தது எங்கள் பிள்ளை என்றால்?*
அவர்கள் வருவதற்கு முன் நீங்கள் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. அங்கே வைத்து அடிக்காதீர்கள். "என் பந்துதான் உடைச்சது, மன்னிச்சிருங்க மாமா" என்று அவனே சொல்லட்டும். பிள்ளைக்கு ஆயுசுக்கும் உதவுகிற பாடம் அது.

*விருந்தாளியாக வந்த உறவினர் பிள்ளை டி.வி.யை உடைத்துவிட்டது. எப்படிக் கேட்பது?*
பணம் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் உறவைப் பொறுத்தது. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். அடுத்த முறை வரும்போது உடையும் பொருளை உயரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைக்கு விளையாட ஏதாவது கொடுங்கள்.

*வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் உடைத்ததற்கு வீட்டுக்காரர் எங்களிடம் பணம் கேட்கிறார்.*
போட்டோவோடு அன்றைக்கே வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதுதான் நல்லது.

*தினமும் இதே தொல்லை. போலீசில் சொன்னால்தான் என்ன?*
சொல்லலாம். ஆனால் பிள்ளையைப் பிடித்துக்கொடுக்க இல்லை, பெற்றோரை அழைத்துப் பேசிவைக்க. அதற்கு முன் தெருப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பார்த்தாயிற்றா என்று பாருங்கள்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுகிறது. அந்த வடத்தை யார் யாரோ பிடிக்கிறார்கள். ஜன்னலை உடைத்த பையனின் அப்பாவும் உடைபட்ட வீட்டுக்காரரும்கூட ஒரே வடத்தில் கை வைத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் தேர் நகராது. அக்கம்பக்கத்து வாழ்க்கையும் அப்படித்தான். இன்றைக்குச் சாயங்காலம் பந்து உங்கள் வாசலில் விழுந்தால், பிடுங்கி வைக்காமல் அந்தப் பிள்ளையின் பேரைக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பேர் தெரிந்த வீட்டு ஜன்னலை நோக்கி அடுத்த பந்தை அடிக்க அவனே கொஞ்சம் யோசிப்பான்.